மெயினை இறக்கிய நேரத்தில் ஓர் அப்டேட்

போன வெள்ளிக்கிழமை காலை என் லேப்டாப் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டது. 'ஃபர்ம்வேர் அப்டேட் தயாராக இருக்கிறது. இப்போதே செய்யவா? பிறகு செய்யவா?'

இதே கேள்வியை அது பல மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நானும் சளைக்காமல் 'பிறகு' என்பதையே அமுக்கிக்கொண்டிருக்கிறேன். பல் வலிக்காதவரை பல் டாக்டரிடம் யார் போவார்கள்?

ஆனால், வெள்ளிக்கிழமை அப்படித் தள்ளிப்போட வழியில்லை. மறுநாள் சனிக்கிழமை காலை, அந்த லேப்டாப்பில்தான் என் வீட்டுக்காரர் பரீட்சை எழுத வேண்டும்.

ஆமாம்... பரீட்சைதான். ஐம்பதைத் தொட்ட மனுஷருக்கு.

கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். என் வீட்டுக்காரர் செல்வம், கேமரன் மலையில், பிரிஞ்சாங்குக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் ஃபேக்டரியில் மின் வேலை பார்க்கிறார். கொழுந்தை உருட்டுகிற மெஷின், உலர்த்துகிற மெஷின், பெல்ட் — எது நின்றாலும் 'செல்வத்தைக் கூப்பிடு' என்பார்கள். பல வருஷமாக மேற்பார்வையாளர் வேலையும் அவர்தான் பார்க்கிறார். ஆனால் 'ஆக்டிங்'. அதற்கான சான்றிதழ் அவரிடம் கிடையாது.

புதிதாக வந்திருக்கும் துரை நல்ல மனுஷர். (மேனேஜர்தான். எங்கள் பக்கம் இன்னமும் துரைதான்.) கூப்பிட்டு உட்கார வைத்துத் தன்மையாகத்தான் சொன்னார். விதி மாறிவிட்டது, இந்தத் தடவை பரீட்சையில் பாஸ் செய்தால் பதவி நிரந்தரம், இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுப்பார்கள். இவர் சாதாரண ஷிஃப்ட் ஆளாகத் தொடரலாம்.

தொடரலாம், சரி. ஆனால் நாங்கள் குடியிருக்கிற மூலை வீடு, வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளிலேயே ஒரு அறை கூடுதலாக உள்ள வீடு, மேற்பார்வையாளருக்கென்று ஒதுக்கியது. வருகிறவர் அதில்தானே குடியேறுவார்? நான் புலம்பித் தீர்த்தேன். அவரோ "பார்க்கலாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. இதற்கு முன்பே இரண்டு தடவை பரீட்சைக்குப் பதிந்தார். ஒரு தடவை மண் சரிந்து பரீட்சை நடந்த ஈப்போவுக்குப் போகிற ரோடு மூடிவிட்டது. இன்னொரு தடவை, பரீட்சையன்று பார்த்து நல்ல காய்ச்சல். இப்போது சான்றிதழ் கொடுக்கிற பயிற்சிக் கழகம் எழுத்துப் பரீட்சையை ஆன்லைனுக்குக் கொண்டுவந்துவிட்டது. ரோடு மூடினாலும் எழுதலாம், போர்வையைப் போர்த்திக்கொண்டும் எழுதலாம். பிறகென்ன கவலை என்றுதான் நினைத்தேன்.

கவலை லேப்டாப் ரூபத்தில் வந்தது.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் லேப்டாப் அறிமுகமாகியிருக்கும். ஏழெட்டு வயசு. என்டர் பட்டன் கழன்று தொலைந்துபோய், அந்த இடத்தில் ஒரு சட்டைப் பொத்தானை ஒட்டி வைத்திருக்கிறேன். சார்ஜரைக் கழற்றினால், ஒரு கப் தேத்தண்ணி ஆறும்வரைகூட பேட்டரி தாங்காது. ஆனாலும் எழுத உட்கார்ந்தால் அது என்னைக் கைவிட்டதில்லை.

பரீட்சைக்கு ஒரு கண்காணிப்பு ஆப் உண்டு. அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. கேமரா முழு நேரமும் பார்த்துக்கொண்டே இருக்கும். நடுவில் தொடர்பு அறுந்தால் தாள் செல்லாது. அதற்கு ஓர் ஒத்திகையும் வைத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை ஒத்திகை பார்த்தோம். கேமரா ஓடத் தொடங்கியதுமே லேப்டாப்பின் ஃபேன், தாப்பா மேட்டில் ஏறுகிற காய்கறி லோரி மாதிரி முக்கியது. கொஞ்ச நேரத்தில் பட்டென்று அணைந்துபோனது. மறுபடி முயன்றோம். மறுபடியும் அதே கதை.

வேறு லேப்டாப் இரவல் வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். எந்த மெஷினைப் பதிந்தோமோ அதில்தான் எழுத வேண்டுமாம். மாற்றுவதென்றால் ஒரு வாரம் முன்பே சொல்லியிருக்க வேண்டுமாம்.

அப்போதுதான், இத்தனை மாதங்கள் நான் விரட்டிக்கொண்டிருந்த அந்த அப்டேட்டின் குறிப்பை முதல் முறையாக முழுசாகப் படித்தேன். அதில் ஒரு வரி: 'சூட்டினால் கணினி திடீரென அணையும் கோளாறு சரிசெய்யப்பட்டுள்ளது.'

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று குதித்தேன். குதித்த கையோடு கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் தம்பிக்கு ஃபோன் போட்டேன்.

"பண்ணுங்கக்கா, நல்லதுதான்" என்றான். "ஒண்ணே ஒண்ணு. அது ஓடி முடியிற வரைக்கும் கரண்ட் மட்டும் போகக் கூடாது."

"போனா?"

"போனா... மெஷின் எழுந்திரிக்காம போனாலும் போயிரும்."

கேமரன் மலையில் உட்கார்ந்திருப்பவளிடம் கரண்ட் போகக் கூடாது என்கிறான். இங்கே பிறந்து வளர்ந்தவன்தான். கோலாலம்பூர்த் தண்ணீர், சொந்த ஊர் நிலவரத்தையே மறக்கடித்துவிட்டது.

சரி, இன்னொருவரையும் கேட்போம் என்று பிரிஞ்சாங்குக்குப் போனேன். பாசார் மாலாம் என்கிற ராத்திரிச் சந்தை போடுகிற தெரு ஓரத்தில் காதர் பாய் ஃபோனும் கம்ப்யூட்டரும் ரிப்பேர் பார்க்கிறார். என் லேப்டாப்பின் வயிற்றைப் பலமுறை திறந்து மூடியவர் அவர்.

"வேணாம்க்கா" என்றார், எடுத்த எடுப்பில். "இது ஃபோன்ல வர்ற அப்டேட் மாதிரி இல்லைலா. அதெல்லாம் மேல் மாடி. இடிஞ்சா திரும்பக் கட்டிக்கலாம். இது அஸ்திவாரம். பாதியில ரோசாக் ஆகிக் கெட்டுப்போச்சுன்னா, மெஷினுக்குத் தான் யாருன்னே தெரியாது."

"அப்போ செய்யாமலே விட்டுட்டா? பரீட்சை நடுவுல அணைஞ்சுட்டா?"

"அதுவும் சூசா, தொல்லைதான்." சிரித்தார். "நான் ரிப்பேர்காரன்க்கா. ஜோசியக்காரன் இல்ல."

இரண்டு பேரைக் கேட்டேன்; ஒருவன் செய் என்றான், ஒருவர் வேண்டாம் என்றார். கேட்காமலே இருந்திருந்தாலும் நான் அதே இடத்தில்தான் நின்றிருப்பேன். புதன், வியாழன் இரண்டு ராத்திரியும் தூக்கமில்லை. செய்தால் லேப்டாப்பே போகலாம். செய்யாவிட்டால் பரீட்சை நடுவில் அணையலாம். எந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும் மூலை வீடுதான் கண்ணில் வந்து நின்றது.

வெள்ளிக்கிழமை காலை, தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம் கேட்டேன். "என்னங்க, நீங்களே சொல்லுங்க. அப்டேட் பண்ணவா, விட்டுறவா?"

"பண்ணிடு" என்றார். தட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

எனக்கு ஆச்சரியம். 'ஓடுற மோட்டாரைத் தொடாதே' என்பது அவருக்கு வேதவாக்கு. வீட்டில் பல்ப் மாற்றுவதற்கே ரப்பர் செருப்பு போட்டு, மெயினை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்க்கிற ஆள். அவரா இப்படிச் சொல்வது?

"ஃபேக்டரி ஆபீஸ்ல யூ.பி.எஸ் சும்மாதானே கிடக்கு? கேட்டு வாங்கிட்டு வாங்களேன். கரண்ட் போனாலும் தாங்குமில்ல?"

"அதெல்லாம் எதுக்கு? காலையில என்ன மழையா வந்துறப் போவுது?"

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பயத்தில் இருப்பவளுக்கு ஒரு 'ஆமாம்' கிடைத்தால் போதும். அதை யார், எதற்காகச் சொல்கிறார்கள் என்று அவள் ஆராய்வதில்லை.

சாமி படத்துக்கு ஒரு ஊதுபத்தி. சார்ஜர் சரியாக மாட்டியிருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். சட்டைப் பொத்தானை அமுக்கினேன்.

திரை கறுத்தது. பிறகு வெள்ளையாக ஒரு கோடு. அதன் கீழே, 'அப்டேட் நடக்கிறது. கணினியை அணைக்காதீர்கள்.' கோடு ஊர்ந்தது. மேசைக்கு முன்னால் நான், வாசல் பக்கத்து நாற்காலியில் அவர். அன்று அவருக்கு மதிய ஷிஃப்ட். இருபது சதவீதம்... முப்பது... ஃபேன் ஒரு முறை சீறிவிட்டு அடங்கியது.

நாற்பதைத் தாண்டியபோது தூரத்தில் எதுவோ உருண்டது.

லோரியாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். ஜன்னலைப் பார்த்தேன். எதிர் மலையில் தேயிலைச் செடிகளைக் காணவில்லை. மூடுபனி இறங்கி, பின்னாலேயே மழையும் வந்துகொண்டிருந்தது. மழைக்கென்று எங்கள் ஊரில் மத்தியானம்தான் வழக்கம். இப்போதெல்லாம் அதுவும் நேரம் காலம் பார்ப்பதில்லை.

"என்னங்க, இடி."

"ம்."

தகரக் கூரையில் மழை விழுந்தது. வீட்டுக்குள் பேசுவது கேட்காத அளவுக்கு இரைச்சல். அந்த இரைச்சலுக்கு நடுவிலும் ஒரு சத்தம் என் காதில் விழுந்தது. லைனின் அந்தக் கோடியில்... டக்.

கோட்டிலிருந்து கண்ணை எடுத்தேன்.

அது என்ன சத்தம் என்று சொல்ல வேண்டும். எங்கள் லைனில் ஒரு வழக்கம் இருக்கிறது. சில வருஷம் முன்பு ஒரு மத்தியானம் இடி விழுந்து, வரிசையாக எல்லா வீட்டு டிவியும் புகைந்தது. எல்லோரும் கொழுந்துக் காட்டிலும் ஃபேக்டரியிலும் இருந்த நேரம். அதற்குப் பிறகு லைன்காரர்களைக் கூட்டி வைத்து ஒருவர் சொன்னார்: 'இடிச் சத்தம் கேட்ட உடனே, வீட்ல இருக்கிறவங்க எல்லா வீட்டு மெயினையும் இறக்கிடணும். யாரையும் கேட்டுக்கிட்டு நிக்காதீங்க.' மெயின் பெட்டிகள் எல்லாம் முன்பக்க அஞ்சடியில், வாசல்களை ஒட்டிய நடைபாதையில்தான் இருக்கின்றன. பூட்டு கிடையாது. அன்றிலிருந்து யாரோ ஒருவர் இறக்கிவிடுவார்கள். மழை விட்டதும் அவர்களே ஏற்றிவிடுவார்கள். எத்தனையோ டிவியும் ஐஸ் பெட்டியும் அதனால் பிழைத்திருக்கின்றன.

அந்த யோசனையைச் சொன்னவர் யார் தெரியுமா? சாட்சாத் என் வீட்டுக்காரர்தான்.

அன்று லைனில் இருந்தது பக்கத்து வீட்டுப் புஷ்பா அக்கா. கையில் மரக் கரண்டியோடு கோடி வீட்டில் தொடங்கி, ஒவ்வொரு மெயினாகத் தட்டி இறக்கிக்கொண்டு வருகிறார். கடைசி வீடு எங்களுடையது.

டக்.

மழை, மின்வெட்டு, சார்ஜர், பேட்டரி, எல்லாவற்றையும் யோசித்தேன். புஷ்பா அக்காவை யோசிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"அக்கா... எங்க வீட்டை விட்டுறுங்க." கத்தினேன். மழை அதை விழுங்கியது. "என்னங்க, கதவைத் திறங்க. அக்காகிட்ட சொல்லுங்க."

டக்.

வாசலுக்கு அருகில் இருந்தது அவர்தான். எழுந்தார். தாழ்ப்பாளில் கை வைத்தார். கை வைத்தவர்... அப்படியே நின்றார்.

"திறங்களேன்."

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினேன். மேசைக்கும் வாசலுக்கும் நடுவில் பாதி தூரம் போயிருப்பேன்.

டக். எங்கள் வீட்டு விளக்கு அணைந்தது.

திரும்பிப் பார்த்தேன். சார்ஜரின் சிறு வெளிச்சம் இல்லை. ஆனால் திரை இருந்தது. கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். கோடு இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது. அறுபதுக்குப் பக்கத்தில். கிழட்டு பேட்டரி தன் கடைசி மூச்சைப் பிடித்து அதை இழுத்துக்கொண்டிருந்தது.

இப்போதும் நேரமிருக்கிறது. வெளியே போய் மெயினைத் தூக்கிவிட்டால் போதும். தாழ்ப்பாளை நானே இழுத்தேன். கதவு திறந்ததும் சாரல் முகத்தில் அறைந்தது. அஞ்சடி முழுக்கத் தண்ணீர். மெயின் பெட்டி கை எட்டுகிற தூரம். வெளியே கால் வைக்கப் போனவளின் மணிக்கட்டை அவர் பிடித்தார்.

"போகாத, மாலா."

"விடுங்க. ஒரு நிமிஷம்."

வானம் வெளுத்தது. உடனே இடி. தலைக்கு மேலேயே வெடித்த மாதிரி இருந்தது. புஷ்பா அக்கா தன் வாசலுக்குள் ஓடி மறைந்தார்.

"ஈரத்துல நின்னு இரும்புப் பெட்டியில கை வைக்கப் போறியா? வெளங்காதவளா நீ?"

"அது உங்க பரீட்சைங்க. நம்ம வீடுங்க."

"போனா போவுது."

இழுத்துப் பார்த்தேன். அவர் விடவில்லை. கதவைக் காலால் சாத்தினார். இரண்டு பேரும் நின்றபடியே திரையைப் பார்த்தோம். எழுபது... எழுபத்தைந்தோ என்னவோ. எனக்குக் கண்ணில் தண்ணீர். எண் சரியாகத் தெரியவில்லை. எண்பதைத் தாண்டியது மட்டும் ஞாபகமிருக்கிறது.

பிறகு திரை கறுத்தது. ஃபேன் சத்தமும் நின்றது.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நியாயமாகப் பார்த்தால் அவரும் இடிந்துபோயிருக்க வேண்டும். அவர் என் கையை விட்டார். நீளமாக மூச்சு விட்டார். நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

"தேத்தண்ணி போடறியா?" என்றார்.

அந்தக் குரலைக் கேட்டு நிமிர்ந்தேன். பல வாரங்களாக நான் கேட்காத குரல் அது. லேசாக, சுகமாக, ஷிஃப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றிப் போடும்போது பேசுவாரே, அந்தக் குரல்.

ஓடுகிற மோட்டாரைத் தொடாத மனுஷர் 'பண்ணிடு' என்றது. யூ.பி.எஸ் எதற்கு என்றது. தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நின்றது. எல்லாம் சேர்ந்து என் மண்டையில் ஒரே நேரத்தில் இறங்கியது.

"நீங்க இது சாகணும்னுதானே இருந்தீங்க?"

அவர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு, கையில் கரண்டி இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

"சொல்லுங்க. கதவை ஏன் திறக்கல?"

"கை வரல மாலா." நீட்டியிருந்த காலை மடக்கி உட்கார்ந்தார். "அன்னைக்கு மண்ணு சரிஞ்சு ரோடு மூடுச்சுல்ல... பாதி வழியில லோரிக்காரங்க நிறுத்தி, போக முடியாதுன்னு சொன்னாங்க. எல்லாரும் ஏசிக்கிட்டு நிக்கிறாங்க. எனக்கு மட்டும் சாமியே வந்து காப்பாத்தின மாதிரி இருந்துச்சு. காய்ச்சல் வந்தப்பவும் அப்படித்தான்."

"ஏன்?"

"இருபத்தி சொச்சம் வருஷம் இந்தக் கையால வேலை பார்த்துட்டேன். தெரியும்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. நானும் நெனைக்கிறேன். ஒரு பேப்பரைக் குடுத்து, தெரியலன்னு அது சொல்லிட்டா?" என்னைப் பார்க்காமலே பேசினார். "லேப்டாப் ரோசாக் ஆனா, பாவம் செல்வம், லேப்டாப் காலை வாரிடுச்சுன்னு சொல்லுவாங்க. எழுதி ஃபெயிலானா என்ன சொல்லுவாங்க?"

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவரைக் குட்டவும் தோன்றியது. பக்கத்தில் போய் உட்காரவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் அடுப்படிக்குப் போய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். அந்த நிமிஷம் அவர் மீது எனக்கு ஏற்பட்டது இரக்கம் என்றால் அவருக்குப் பிடிக்காது, ஆனால் அதுதான்.

யோசித்துப் பாருங்கள். நாம் மட்டும் யோக்கியமா? லைன் கிடைக்கவில்லை, ஜாமில் மாட்டிக்கொண்டேன், ஃபோனில் சார்ஜ் இல்லை... பத்தி தாமதமானால் நான் ஆசிரியருக்கு அனுப்புகிற முதல் செய்தி என்ன? 'இங்கே கரண்ட் இல்லை சார்.' இத்தனை மெஷின்களை வாங்கி வீட்டில் நிரப்பி வைத்திருப்பதே, பழி போட ஆள் வேண்டும் என்பதற்காகத்தானோ என்று சில நேரம் தோன்றுகிறது.

மழை விட்டது. வெளியே டக், டக் என்று மெயின்கள் ஏறின. எங்கள் வீட்டு விளக்கு எரிந்ததும் புஷ்பா அக்கா வாசலில் தலையை நீட்டினார். தரையில் இழுபட்டுக் கிடந்த நாற்காலியையும் என் முகத்தையும் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயையோ, நான் என்னத்தப் பண்ணி வச்சுட்டேன்" என்று கரண்டியோடு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நீங்க செஞ்சதுதான்க்கா சரி" என்றார் இவர். "சொல்லாம விட்டது நாங்க."

காதர் பாய்க்கு ஃபோன் செய்தேன். அவர் திட்டவில்லை. "சார்ஜரை மாட்டி, பவரை அமுக்கிட்டு சும்மா இருங்க. சில மெஷின் தன்கிட்ட இருக்கிற பழைய பாடத்தை எடுத்துத் தானே எழுந்திரிச்சுக்கும். எல்லா மெஷினும் இல்லக்கா" என்றார்.

சார்ஜர் வயரைக் கையில் எடுத்தேன். மாட்டப் போனவள் நிறுத்தினேன். அதைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்தேன்.

"நீங்க மாட்டுங்க. வேணாம்னா அப்படியே வச்சுருங்க. ரோசாக் ஆயிடுச்சுன்னே சொல்லிக்கலாம். துரைகிட்ட நானே வந்து சொல்றேன்."

நிஜமாகத்தான் சொன்னேன். மூலை வீடு போனாலும் போகட்டும் என்று அந்த நேரத்தில் எனக்கே தோன்றிவிட்டது.

அவர் வயரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். புஷ்பா அக்கா எதற்கென்று புரியாமலே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

மாட்டினார். பட்டனை அமுக்கினார்.

ஒன்றுமில்லை. கறுப்பு. ஃபேன் ஒரு முறை சுழன்றது, நின்றது. மறுபடி சுழன்றது. அவர் விரல் மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. திரையில் ஏதோ ஒரு வரி வந்து, படிப்பதற்குள் போனது. பிறகு அதே அப்டேட்டின் வெள்ளைக் கோடு, முதலிலிருந்து. இந்தத் தடவை புஷ்பா அக்கா தானாகவே போய் எங்கள் மெயினுக்குப் பக்கத்தில் காவல் நின்றுகொண்டார்.

கோடு நிறைந்தது. லேப்டாப் எழுந்தது.

"வந்துடுச்சு" என்றார் அவர். சந்தோஷமாகச் சொல்லவில்லை. ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். சாயங்காலம் ஃபேக்டரியிலிருந்து வரும்போது, மோட்டார் சைக்கிளின் பின்னால் பழைய டயர் ரப்பரால் கட்டி, பிளாஸ்டிக் பை சுற்றி, அந்த யூ.பி.எஸ்ஸைக் கொண்டுவந்து இறக்கினார். நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை நல்ல வெயில். அறையில் ஆள் இருக்கக் கூடாதென்பதால் நான் புஷ்பா அக்கா வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் காதை வைத்து ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சீறியது, அடங்கியது, சீறியது. நிற்கவில்லை. அக்கா இரண்டு முறை தேத்தண்ணி கொடுத்தார். இரண்டையும் குடித்தேனா என்று ஞாபகமில்லை.

கதவு திறந்தது. முதுகுச் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. கேமரன் குளிரில்!

"எப்படிங்க?"

"தெரிஞ்சதை எழுதினேன்." வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைத் தேடினார். "தெரியாததையும் எழுதினேன்."

"நடுவுல அணைஞ்சுதா?"

"இல்ல. அணையும் அணையும்னு கொஞ்ச நேரம் பார்த்தேன். அப்புறம் மறந்துட்டேன்."

ரிசல்ட் வர இன்னும் நாளாகும். மூலை வீட்டில் நாங்கள் நீடிப்போமா என்று இதை எழுதும்போது எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. அவருக்கும் இருக்கிறது, நேற்று முதல் முறையாக அதை வாய் திறந்து சொன்னார்.

பாஸோ ஃபெயிலோ, வரப் போவது அவருடைய ரிசல்ட். லேப்டாப்புடையது இல்லை.